பாதிப்பும் நகலும்

‘பாதிப்பு’ என்ற வார்த்தை நம் விமர்சனத்தில் வெகுநாளாய் அடிபடுகிறது. வெள்ளத்தால் பயிருக்கு நேர்வதும் பாதிப்பு. பெரிய கலைஞன் ஒருவனின் படைப்பால் இளையவனுக்கு நேர்வதும் பாதிப்பு. இரண்டுக்கும் ஒரே வார்த்தை இருப்பதாலோ என்னவோ, இரண்டாவதையும் நாம் சேதக் கணக்கில்தான் எழுதுகிறோம். ‘இவர் கதைகளில் காஃப்காவின் பாதிப்பு தெரிகிறது’ என்று ஒருவர் எழுதினால், சம்பந்தப்பட்டவர் அடுத்த இதழுக்கு மறுப்பு அனுப்புகிறார் - காஃப்காவைத் தான் படித்ததேயில்லை என்று. படிக்காமலிருந்தது சுயத்தன்மைக்கு அத்தாட்சி ஆகிவிடுகிறது. படித்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பற்றியோ யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

இந்தக் குழப்பத்தை இலக்கியத்துக்குள் இருந்தபடியே தீர்ப்பது கஷ்டம். வாயைத் திறந்ததும் வேண்டியவர், வேண்டாதவர் என்று ஆட்கள் சேர்ந்துவிடுகிறார்கள். எனவே வேறொரு துறையை எடுத்துக்கொள்கிறேன் - புகைப்படம். இரண்டு புகைப்படங்களை அருகருகே வைத்து, யாரிடமிருந்து யார் என்ன எடுத்துக்கொண்டார் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். நகல் செய்வதும் இங்கே மிகச் சுலபம். அதே லென்ஸும் அதே வெளிச்சமும் அதே மாதிரி ஒரு தெருமுனையும் கிடைத்தால் போதும். நகல் இவ்வளவு சுலபமாக இருக்கிற இடத்தில், நகல் அல்லாத கற்றல் எப்படி நிகழ்ந்தது என்று பார்ப்பது பிரயோஜனமாக இருக்கும்.

முதலில் நகல். ஆன்ரி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் 1952இல் பாரிஸில் ஒரு புத்தகம் வெளியிட்டார். பிரெஞ்சுத் தலைப்பு ‘இமாஜ் அ லா ஸோவெட்’. லைசென்ஸ் இல்லாமல் தெருவில் துணி விரித்துச் சரக்குப் பரப்பி, போலீஸ்காரன் தலை தெரிந்ததும் சுருட்டிக்கொண்டு ஓடுகிற வியாபாரியைக் குறித்துப் பிரெஞ்சுக்காரர்கள் உபயோகிக்கிற சொல் அது. அவசரம், திருட்டுத்தனம், எந்நேரமும் மாட்டிக்கொள்ளலாம் என்ற பயம் எல்லாம் அதில் இருக்கின்றன. அதே புத்தகம் அமெரிக்காவில் ‘தி டிஸைஸிவ் மொமென்ட்’ என்று வெளிவந்தது - தீர்மானமான கணம். உள்ளே மேற்கோளாகக் காட்டியிருந்த, 17ஆம் நூற்றாண்டுக் கார்டினல் த ரெட்ஸின் வாக்கியம் ஒன்றிலிருந்து உருவின தலைப்பு. உலகம் படித்தது இரண்டாவது தலைப்பைத்தான். ஓடுகிறவனின் கலை, சரியான நொடியில் சரியாகச் சுடுகிற வேட்டைக்காரனின் கலையாகிவிட்டது.

புகைப்படக் கழகம் ஒன்றின் கண்காட்சியை ஒருமுறை சுற்றி வந்தேன். ஒரு சுவர் முழுக்கத் தாண்டுகிற மனிதர்கள். மழைத் தண்ணீரைத் தாண்டுகிறவர்கள், சாக்கடையைத் தாண்டுகிறவர்கள், காரணமே இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறவர்கள். எல்லாப் படத்துக்கும் மெல்லிய கறுப்புக் கரை வேறு - நெகட்டிவை வெட்டாமல் முழுசாக அச்சிட்டிருக்கிறேன் என்பதற்கு ப்ரெஸ்ஸோனின் பிரிண்டுகள் தருகிற சாட்சி அது. இவர்கள் எல்லோருக்கும் மூலமான படம் 1932இல் ஸான்-லஸார் ரயில் நிலையத்தின் பின்புறம் எடுத்தது. வேலிப் பலகைகளின் இடுக்கில் லென்ஸை நுழைத்து எடுத்தார். இடதுபக்கத்தைப் பலகை மறைத்துவிட்டதால், அதை அவர் வெட்டித்தான் அச்சிட வேண்டியிருந்தது. கறுப்புக் கரைக்காரர்கள் கும்பிடுகிற விக்கிரகமே கரை வெட்டப்பட்ட விக்கிரகம்!

ப்ரெஸ்ஸோன் தான் எப்படிக் கற்றுக்கொண்டார்? தன்னைக் காமிராவின் பக்கம் உந்தித் தள்ளியதாக அவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டது ஒரே ஒரு படத்தை. ஹங்கேரியரான மார்ட்டின் முன்காச்சி எடுத்தது. டாங்கனிக்கா ஏரியின் அலைக்குள் மூன்று கறுப்புச் சிறுவர்கள், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓடிப் பாய்கிறார்கள். இந்தப் படத்தின் சாயலைத் தேடி ப்ரெஸ்ஸோனின் 1932, 1933ஆம் வருஷத்துப் படங்களைப் புரட்டுகிறவன் ஏமாந்துபோவான். அங்கே இருப்பவை சுவர்கள், இடிபாடுகள், ஜன்னல் கட்டங்கள், அவற்றினூடே எங்கோ ஒரு முகம். ஆந்த்ரே லோத்திடம் ஓவியம் பயின்றபோது அவருக்குள் ஏறியிருந்த வடிவக் கணக்கு, ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றிலும் கூடிவர முடியும் என்ற சாத்தியத்தை முன்காச்சியின் படம் காட்டியது. அந்தச் சாத்தியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு படத்தை அங்கேயே விட்டுவிட்டார். கழகத்துச் சுவர்க்காரர்கள் படத்தை எடுத்துக்கொண்டு சாத்தியத்தை விட்டுவிட்டார்கள்.

இது ஒரு தனி மனிதனின் விசேஷம் என்று சொல்லிவிடக்கூடும். ஆகவே மூன்று தலைமுறை நீள்கிற சங்கிலி ஒன்றைப் பார்க்கலாம்.

யூஜின் அட்ஜே (1857 - 1927) ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் நடித்தவர். நடிப்பு கைவிட்டபின் காமிராவைத் தூக்கினார். வாசலில் தொங்கிய பலகை அவர் தொழிலைச் சொன்னது: கலைஞர்களுக்கான ஆவணங்கள். ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் மியூசியங்களுக்கும் பழைய பாரிஸை - கதவுகள், படிக்கட்டுகள், முற்றங்கள், கடை ஜன்னல்கள் - படம் எடுத்து விற்றார். 18க்கு 24 செண்டிமீட்டர் கண்ணாடித் தகடுகள், மரக்காமிரா, முக்காலி. அவ்வளவையும் சுமந்துகொண்டு கால்நடையாகப் போனார். அவர் வசித்த தெருவிலேயே வசித்த மான் ரே, 1926இல் சர்ரியலிஸ்டுகளின் பத்திரிகையில் அவர் படங்களைப் போட்டபோது, தன் பெயர் வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள் என்று சொல்லிவிட்டார். அடக்கம் என்று இதைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடக்கூடாது. அவர் பார்வையின் சூத்திரமே இதில் இருக்கிறது. ஒரு கதவை எடுக்கும்போது அந்தக் கதவு முக்கியம். அதைப் பார்த்தவன் எவ்வளவு நுட்பமானவன் என்பது பிறகு, ஒருவேளை.

அவருடைய பல படங்களில் மேல் மூலைகள் இரண்டும் கறுத்து வளைந்திருக்கும். கட்டிடத்தின் உச்சி தட்டுக்குள் வர லென்ஸை மேலே உயர்த்துவார், லென்ஸின் வட்டம் தகட்டின் மூலையை எட்டாது, மூலை இருண்டுவிடும். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. இன்றைக்குக் கைபேசியில் ஒரு பொத்தானைத் தட்டினால் எந்தப் படத்துக்கும் மூலைகள் இருள்கின்றன. அதற்குப் ‘பழைய தோற்றம்’ என்று பெயர். உயரமான கட்டிடத்தை முழுசாகக் காட்டியாக வேண்டும் என்ற பிடிவாதத்தின் தழும்பு, பிடிவாதம் இல்லாதவர்களின் நெற்றிப் பொட்டு ஆகிவிட்டது. நகலின் முழு இலக்கணமும் எனக்கு இந்த இருண்ட மூலையில் தெரிகிறது.

அட்ஜே இறந்த மறுவருஷம், அவர் வீட்டில் எஞ்சியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகளையும் ஆயிரக்கணக்கான பிரிண்டுகளையும் மான் ரேயிடம் உதவியாளராக இருந்த பெரெனிஸ் அபட் என்ற அமெரிக்கப் பெண் வாங்கி நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அங்கே அவற்றைப் பார்த்தவர்களில் ஒருவர் வாக்கர் எவன்ஸ்.

எவன்ஸ் எழுத்தாளராக விரும்பியவர். 1926இல் பாரிஸ் போய் ஒரு வருஷம் இருந்தார். ஸில்வியா பீச்சின் புத்தகக் கடையில் ஜாய்ஸைப் பார்த்தும், கூச்சத்தால் அறிமுகம் செய்துகொள்ளாமலே திரும்பினார். எழுத்து வரவில்லை. ஆனால் ஃப்ளொபேரிடம் படித்தது போகவில்லை. ஆசிரியன் எங்கும் தென்படாமல் எங்கும் இருக்கும் முறையைத் தான் ஃப்ளொபேரிடம் கற்றதாகக் கடைசிக் காலத்தில் ஒரு பேட்டியில் சொன்னார். அந்த முறைக்குக் காமிராவில் இடம் உண்டு என்பதை அவருக்குத் தெளிவாக்கியவை அட்ஜேயின் கதவுகள் என்று நான் நினைக்கிறேன். 1931இல் லிங்கன் கர்ஸ்டைனின் ‘ஹௌண்ட் அண்ட் ஹார்ன்’ என்ற சிறுபத்திரிகையில் புகைப்படப் புத்தகங்கள் பற்றி எவன்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். அட்ஜேயின் புத்தகமும் அதில் ஒன்று. நம்மைப்போலக் கொஞ்சம் பேர் படிக்கிற பத்திரிகையில், தன் முன்னோடி யார் என்று ஒரு இளைஞன் பகிரங்கமாக எழுதிவைத்தான். மறுப்புக் கடிதம் அனுப்பவில்லை.

1935இலிருந்து இரண்டு வருஷ காலம் அரசாங்க வேலையாக அமெரிக்கத் தெற்கில் அலைந்தபோது அவர் எடுத்தவற்றைப் பாருங்கள். மர தேவாலயங்கள், பெட்ரோல் பங்குகள், முடிதிருத்தும் கடைகள், சுவரொட்டிகள். பெரும்பாலும் நேருக்கு நேர், முக்காலியில் நிறுத்திய பெரிய காமிராவில், நல்ல வெளிச்சத்தில். அட்ஜேயிடமிருந்து வந்த மரியாதை இதில் இருக்கிறது. அட்ஜேயின் மூட்டம் இல்லை, பழைமையின் ஏக்கமும் இல்லை. அட்ஜே மறைந்துகொண்டிருந்த ஒரு நகரத்தைச் சேமித்தார். எவன்ஸ் அன்றைய தினத்தை, அது ஏற்கெனவே சரித்திரமாகிவிட்டதைப் போலப் பார்த்தார். ஆசான் படங்களைப் பெரும்பாலும் தனித்தனியாக விற்றார். இவர் 1938இல் 87 படங்களைக் கோர்த்து ‘அமெரிக்கன் ஃபோட்டோகிராஃப்ஸ்’ என்று புத்தகம் செய்தார். வலதுபக்கம் படம், இடதுபக்கம் வெற்றுத்தாள், தலைப்புகள் கடைசியில் தள்ளி. முதல் படம் லைசென்ஸ் போட்டோ எடுத்துத் தருகிற ஒரு கடை. அடுத்தது ஒரு ஸ்டூடியோவின் ஜன்னலில் வரிசை வரிசையாய் ஒட்டியிருக்கும் 200க்கும் மேற்பட்ட சிறு முகங்கள். புகைப்படம் என்றால் என்ன என்ற கேள்வியோடு புத்தகம் ஆரம்பிக்கிறது. படத்துக்குப் பக்கத்தில் படம் வரும்போது மூன்றாவதாக ஒன்று பிறக்கும் என்பது, கவிதை படிக்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். புகைப்படத்தில் அதை இவ்வளவு பிரக்ஞையுடன் செய்தவர்கள் அதற்குமுன் அபூர்வம்.

சங்கிலியின் மூன்றாவது கண்ணி ராபர்ட் ஃப்ராங்க். சுவிட்சர்லாந்திலிருந்து 1947இல் அமெரிக்கா வந்தவர். எவன்ஸுக்கு உதவியாளராகச் சில காலம் இருந்தார். 1955இல் அவருக்கு கக்கன்ஹைம் நிதி கிடைக்க எவன்ஸ் துணையாயிருந்தார். அந்தப் பணத்தில் ஒரு பழைய காரில் நாடு முழுக்கச் சுற்றினார் ஃப்ராங்க். 767 சுருள் ஃபிலிம், 27,000க்கு மேல் படங்கள். அவற்றில் 83ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டார். ‘தி அமெரிக்கன்ஸ்’ 1958இல் பாரிஸிலும் 1959இல் நியூயார்க்கிலும் வெளிவந்தது. அமெரிக்கப் பதிப்பில் வலதுபக்கம் படம், இடதுபக்கம் வெற்றுத்தாள்.

எவன்ஸ் பார்த்தவற்றையே ஃப்ராங்க் திரும்பவும் போய்ப் பார்த்தார் என்பதில் சந்தேகமில்லை. பெட்ரோல் பங்கு, கார், முடிதிருத்தும் கடை, எல்லாம் உண்டு. டாட் பாபஜார்ஜ் 1981இல் இருவர் படங்களையும் ஜோடி ஜோடியாக வைத்து யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு கண்காட்சியே நடத்தி, பாதிப்பு பற்றி ஒரு நீண்ட கட்டுரையும் எழுதினார். அந்த ஜோடிகளில் எனக்கு முக்கியமானது முடிதிருத்தும் கடை. எவன்ஸ் 1936இல் அட்லாண்டாவில் கறுப்பர்களின் கடை ஒன்றை உள்ளே நின்று எடுத்தார். ஆளில்லாத நாற்காலிகள், துண்டுகள், பத்திரிகைத் தாள் ஒட்டிய சுவர். ஒவ்வொன்றும் துல்லியம், தினம் வந்து போகிறவர்களின் தடம் எல்லாவற்றிலும். ஃப்ராங்க் 1955இல் தென் கரோலினாவில், பூட்டியிருந்த ஒரு கடையை வெளியில் நின்று, வலைக்கதவின் வழியாக எடுத்தார். உள்ளே ஒரு காலி நாற்காலி. எதிர்ப்புறத்து மரமும் வீடும் வலையில் பிரதிபலித்து எல்லாவற்றையும் கலைக்கின்றன. ஃப்ராங்கின் சொந்த நிழல் விழுந்த இடத்தில் மட்டும் பிரதிபலிப்பு விலகி உள்ளே கண் போகிறது. பார்க்கிறவனின் நிழல்தான் ஜன்னல்!

எவன்ஸ் தன்னை அழித்துக்கொண்டு கடையைக் காட்டினார். ஃப்ராங்க், உள்ளே விடப்படாத ஒரு அந்நியன் தன் நிழலின் வழியாகத்தான் எதையும் காண முடிகிறது என்பதைக் காட்டினார். அதே நாற்காலி, அதே தெற்கு. நேர் எதிரான இரண்டு சத்தியங்கள். எவன்ஸின் கோடுகள் நேராக நின்றன. ஃப்ராங்கின் அடிவானம் சரிந்தது, ஃபிலிமின் மணல் தெரிந்தது, வெளிச்சம் போதவில்லை. 1960இல் அமெரிக்கப் புகைப்படப் பத்திரிகை ஒன்றின் விமர்சகர்கள் இவற்றையெல்லாம் கோளாறுகள் என்று பட்டியல் போட்டு அடித்தார்கள். புத்தகத்தின் கடைசிப் படத்தில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு கார். உள்ளே களைத்து ஒடுங்கிய ஃப்ராங்கின் மனைவியும் குழந்தையும். ‘அமெரிக்கன் ஃபோட்டோகிராஃப்ஸ்’ இப்படி ஒரு படத்தில் முடிந்திருக்க முடியாது. ‘அமெரிக்கன் ஃபோட்டோகிராஃப்ஸ்’ இல்லாமல் ஃப்ராங்க் இப்படி ஒரு படத்துக்கு வந்து சேர்ந்திருக்கவும் முடியாது. ஒரு தேசத்தைப் படங்களின் வரிசையால் எழுத முடியும் என்பதை ஃப்ராங்க் எவன்ஸிடம் எடுத்துக்கொண்டார். எழுதுகிறவன் தென்படக்கூடாது என்ற விதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இங்கே ஒரு ஆட்சேபணை வரும். நம் மரபில் கற்பது என்றாலே நகல் செய்வதுதானே? சங்கீதத்தில் குரு பாடுவதை அப்படியே திருப்பிப் பாடுகிறான் சிஷ்யன், வருஷக்கணக்கில். பாடாந்தரம் சுத்தம் என்பது அங்கே பெருமை. ஸ்தபதியின் மகன் அப்பாவின் அளவுகளைத்தான் உளிக்குப் பழக்குகிறான். இதெல்லாம் நகலா?

நியாயமான ஆட்சேபணை. ஆனால் அங்கே திருப்பிச் செய்வது தொண்டைக்கும் கைக்கும் பயிற்சி. கமகம் சாரீரத்தில் ஏற அதற்கென்று ஒரு காலம் வேண்டும். கல்லின் குணம் விரலுக்குத் தெரிய ஒரு காலம் வேண்டும். காமிராவின் பொத்தானை அமுக்க ஒரு மத்தியானம் போதும். கைக்கு வேலை இவ்வளவு குறைந்த கலையில் நகல் எதையும் பழக்குவதில்லை. ஏற்கெனவே வந்தடைந்த முடிவை இரவல் தருகிறது, அவ்வளவுதான். மிஞ்சுவது தேர்வு ஒன்றே - எங்கே நிற்பது, எதை விடுவது, 27,000த்தில் எந்த 83. அது இன்னொருவனுடைய தேர்வாக இருக்குமானால் அங்கே ஒன்றுமே இல்லை.

எழுத்து இதில் யார் பக்கம்? சங்கீதத்தின் பக்கம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஆசையாக இருக்கிறது. புகைப்படத்தின் பக்கம் என்பதே என் அபிப்பிராயம். பொத்தான் எல்லோருக்கும் பொது. வார்த்தையும் எல்லோருக்கும் பொது. நிறுத்தற்குறியை விட்டுவிடுவதும், வரியை நடுவில் ஒடிப்பதும், பெயரில்லாத ஒரு மனிதனை நீண்ட தாழ்வாரத்தில் நடக்க விடுவதும் ஒரு மத்தியானத்தில் கைவந்துவிடும். இருண்ட மூலைகள்!

நம் பக்கத்திலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங் பள்ளிப் பருவத்தில் ப்ரெஸ்ஸோனின் ஜெய்ப்பூர் படங்கள் கொண்ட சிறு புத்தகத்தைப் பார்த்தவர். 1966இல் ப்ரெஸ்ஸோன் அதே ஊருக்கு வந்து வேலை செய்ததை நேரில் கூட இருந்து கவனித்தார். கூட்டத்துக்குள் புகுந்து நிற்பதையும், ஒரே சட்டத்துக்குள் பல காரியங்கள் நடக்க விடுவதையும் அங்கே கற்றார் என்பது அவர் படங்களில் தெரிகிறது. ஆனால் ப்ரெஸ்ஸோனின் உலகம் கறுப்பு வெள்ளை. வண்ணத்தை அவர் மதிக்கவில்லை. ரகுபீர் சிங் 1999இல் இறக்கும்வரை வண்ணத்திலேயே வேலை செய்தார். இந்தியக் கண்ணுக்கு வண்ணம் மேல்பூச்சல்ல, உள்ளிருந்து வருவது என்று வாதாடினார். கங்கை, காசி, 1996இல் ‘தமிழ்நாடு’ என்று பல புத்தகங்கள். ஆசானின் ஆதாரமான நம்பிக்கை ஒன்றை மறுத்ததால்தான் ஆசானிடம் கற்ற மற்றவை அவருக்குச் சொந்தமாயின.

ஆகவே பெரியவர்களின் படங்களைப் புரட்டும்போது ‘இதை எப்படி எடுத்தார்’ என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டியதில்லை. அதற்கு லென்ஸ் கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார். தன் காலத்தில் சுலபமாகக் கைக்கெட்டியிருந்த எதை இவர் எடுக்காமல் விட்டார்? அட்ஜேயின் காலத்தில் பனிப்படலத்தில் மிதக்கிற ஓவியம் போன்ற படங்களுக்குத்தான் மதிப்பு. அவர் அதைத் தொடவில்லை. எவன்ஸின் காலத்தில் கண்ணீர் விற்பனையானது. அவருடைய குடியானவர்கள் அழவில்லை. ஃப்ராங்கின் காலத்தில் பளபளப்பான பத்திரிகைகளின் பக்கங்களில் தலையும் நடுவும் வாலும் உள்ள படக்கதைகள் வந்தன. அவர் கதையே சொல்லவில்லை. விட்டது எது என்று தெரிந்தால், நம் காலத்தில் நாம் விட வேண்டியது எது என்ற யோசனை பிறக்கும். அதற்கான பதிலை எந்த ஆசானும் நமக்குத் தயாராக வைத்திருக்க முடியாது.

விமர்சகனுக்கும் இதில் வேலை இருக்கிறது. யாருடைய பாதிப்பு என்று கண்டுபிடித்துச் சொன்னதோடு கட்டுரையை முடித்துக்கொள்கிறோம். கட்டுரை அங்கேதான் தொடங்க வேண்டும். பாதிப்பிலிருந்து இவன் எதைச் செய்தான், எந்த இடத்தில் ஆசானோடு முரண்பட்டான், அந்த முரண் அவன் வாழ்விலிருந்து வந்ததா, வெறும் வீம்பா? இவற்றுக்குப் பதில் சொல்ல இரண்டு படைப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பாபஜார்ஜ் அதைச் செய்தார். அந்தக் கட்டுரைக்குப் பிறகு ஃப்ராங்க் சிறியவராகிவிடவில்லை. எவன்ஸும் இன்னும் கொஞ்சம் பெரியவராகத் தெரிந்தார்.

‘தி அமெரிக்கன்ஸ்’ புத்தகத்துக்கு முதலில் முன்னுரை எழுதுவதாக இருந்தவர் எவன்ஸ். கடைசியில் வந்தது ஜாக் கெரோவாக்கின் முன்னுரை. ஆசானுக்கு அது உவப்பாக இருந்திருக்க முடியாது. ஆனால் ஃப்ராங்கின் படங்கள் அமெரிக்காவில் முதல்முறையாக ஒரு தொகுப்பாக, 1958ஆம் வருஷத்துக்கான ஓர் ஆண்டுமலரில் வந்தபோது, அவற்றுக்கு அறிமுகம் எழுதியவர் எவன்ஸ்தான். தன் சாயல் இல்லாத, தன் விதிகளை மீறிய படங்கள் அவை என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.